புதன்கிழமைப் பதினைந்து நிமிடம்

புதன்கிழமை ஏழே கால் ஆனால் அச்சகத்தின் ஷட்டரை இறக்கிவிடுவேன். மிஷினில் பாதி ஓடிய வேலை கிடந்தாலும் சரி, கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்க ஆள் வந்து நின்றாலும் சரி. கடையில் நிற்கும் பையனே பதில் சொல்லி அனுப்பிவிடுவான்: "இன்னைக்கு புதனாக்கும். அண்ணன் மீட்டிங்குக்குப் போவும்."

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில், பஸ் நின்று போகிற ஒரு சின்ன ஊர் எங்களுடையது. நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஓட்டலின் மாடி ஹாலில் எங்கள் ரோட்டரி சங்கம் வாரா வாரம் கூடுகிறது. உறுப்பினர்கள் 31 பேர். பதினெட்டு பேர் வந்தால் அது நல்ல கூட்டம். தலைவர் பதவிச் சின்னமான காலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மேஜை மேல் இருக்கும் பித்தளை மணியை மரச்சுத்தியால் ஒரு தட்டு தட்டுவார். எல்லோரும் எழுந்து நிற்போம். இறைவணக்கம் வாரத்துக்கு ஒருவர். ஒரு வாரம் திருநீறு பூசிய நெற்றி, அடுத்த வாரம் பாய் துவா சொல்வார், அதற்கடுத்த வாரம் சிஸ்டர் அக்கா ஜெபம் பண்ணுவார். அப்புறம் ரோட்டரியின் நான்கு கேள்விகளைச் சேர்ந்து சொல்வோம். இது உண்மையா? சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமா? நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா? எல்லோருக்கும் நன்மை தருமா?

இந்த நான்கு கேள்விகளை 1932-ல் எழுதியவர் ஹெர்பர்ட் டெய்லர் என்ற அமெரிக்கர். திவாலாகும் நிலையில் இருந்த ஓர் அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்த வந்தவர், தன் ஆட்களுக்காக எழுதியது. எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர் பாத்திரக்கடை அண்ணாச்சி. "நம்ம தொழில்காரன் எழுதினதுடே" என்று புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் சொல்வார். அந்தப் பெருமையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கும் சந்தோஷமாக இருக்கும்.

நான் சங்கத்துக்குள் வந்ததே அச்சு வேலையாகத்தான். வார இதழ் என்று நான்கு பக்கத்தில் ஒன்று போடுவார்கள்; பிறந்தநாள், திருமண நாள், கணக்கு, அடுத்த வார நிகழ்ச்சி எல்லாம் அதில் இருக்கும். ஆறு வருஷம் அதை அச்சடித்துக் கொடுத்தேன். ஏழாவது வருஷம், "நீயும் வந்து உட்காருடே" என்று அண்ணாச்சி கூட்டிக்கொண்டு போனார். இப்போது அந்த இதழின் மூன்றாவது பக்கம் முழுக்க என் பொறுப்பு. அந்தப் பக்கத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கொரோனாவில் கூட்டமெல்லாம் ஜூமுக்குப் போனது. திரும்ப மாடி ஹாலுக்கு வந்தபோது ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். இரண்டு பேர் இறந்துபோயிருந்தார்கள். மற்றவர்களுக்கு வீட்டில் இருந்து பழகிவிட்டது. அந்த வருஷம் தலைவராக இருந்தவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் சார். அவருக்கு ஒரு யோசனை வந்தது. ரோட்டரியில் பழைய வழக்கம் ஒன்று உண்டு: புதிதாகச் சேர்கிறவர் தன் தொழிலைப் பற்றி ஒரு நாள் பேச வேண்டும். கிளாசிஃபிகேஷன் டாக் என்பார்கள். ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் உறுப்பினர் என்று ஆதியில் வைத்திருந்ததால் வந்த பழக்கம் அது. அதைப் புதியவர்களுக்கு மட்டும் என்று வைக்காமல், இருபது வருஷம் இருந்தவரும் எழுந்து பேசட்டும் என்றார் சார். தொழிலைப் பற்றி வேண்டாம், அந்தத் தொழிலுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். பதினைந்து நிமிடம். நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது. பேசி முடித்த பிறகு யாரும் எழுந்து பதிலோ புத்திமதியோ சொல்லக் கூடாது. கேட்டுவிட்டுச் சாப்பிடப் போக வேண்டியதுதான்.

இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் யோசித்துப் பார்த்தால் ரோட்டரி பிறந்ததே இதற்காகத்தான். பால் ஹாரிஸ் என்ற வக்கீல் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். சிகாகோவுக்கு வந்து தொழில் நன்றாக நடந்தும், ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார ஒரு வீடு இல்லாமல் தவித்தார். 1905 பிப்ரவரி 23 அன்று ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்க என்ஜினியர், ஒரு தையல்காரர் ஆகியோருடன் அந்த என்ஜினியரின் ஆபீஸில் உட்கார்ந்து பேசினார். ஒவ்வொரு தடவையும் ஒருவர் இடத்தில் என்று சுற்றிச் சுற்றிக் கூடியதால் ரோட்டரி என்று பெயர் வந்தது. சேவை அப்புறம் வந்ததுதான். 1907-ல் சிகாகோ நகரில் பொதுக் கழிப்பறை கட்டவேண்டும் என்று இறங்கி வேலை செய்தார்கள். அவர்களுடைய ஆரம்பகாலப் பெரிய காரியம் அது. நட்பு முதலில், கழிப்பறை பிறகு. இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் பேச ஒத்துக்கொண்டவர் சிஸ்டர் அக்கா. ஓய்வுபெற்ற நர்ஸ். எங்கள் சங்கத்தில் இரத்ததான முகாம் என்றால் ஊசி ஏற்பாட்டிலிருந்து பிஸ்கட் பாக்கெட் வரை அவர் கணக்கில்தான் இருக்கும். கறாரான ஆள். ஒரு நாளும் தன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

"எனக்க அம்மைக்கு அண்டி ஆபீஸில வேலை" என்று ஆரம்பித்தார்.

எங்கள் பக்கத்தில் முந்திரி ஆலையை அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கருங்கல், மார்த்தாண்டம், குலசேகரம் பக்கமெல்லாம் பெண்கள் காலையில் தூக்குவாளியோடு கூட்டமாகப் போவதை இன்றைக்கும் பார்க்கலாம். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துத் தடியால் தட்டி, பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். அண்டி தல்லுவது என்பார்கள். எடுத்த பருப்பின் எடைக்குக் கூலி. தோட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது. அது தோலைப் பொசுக்கிக் கறுப்பாக்கிவிடும். சாம்பல் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாலும் விரல் நுனிகள் தப்பாது.

அக்கா பள்ளி லீவு நாட்களில் அம்மாவோடு போய்த் தல்லியிருக்கிறார். பன்னிரண்டாவது முடித்து, மாவட்டத்திலேயே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் படிக்க நேர்காணலுக்கு அழைப்பு வந்தபோது அவருடைய விரல் பத்தும் கறுப்பு. மூன்று நாள் தேங்காயெண்ணெய் பூசி, நாரால் தேய்த்து, எலுமிச்சம்பழத் தோல் வைத்து உரசிப் பார்த்திருக்கிறார்கள். தோல் புண்ணானதுதான் மிச்சம். நேர்காணலில் கையைத் தாவணிக்குள் வைத்துக்கொண்டு நின்றாராம். மேட்ரன் அம்மா சர்டிஃபிகேட்டையெல்லாம் பார்த்துவிட்டு, "கையைக் காட்டு" என்றார்.

"காட்டினேன். இப்படி, அப்படி, ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாங்க. ஒண்ணும் கேக்கல. பேப்பர்ல என்னவோ எழுதினாங்க. ஒண்ணாம் தேதி கிளாஸ் தொடங்கும், ரெண்டு வெள்ளைப் புடவை எடுத்துக்கன்னு சொன்னாங்க. அவங்க என்ன நினைச்சாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

இதைச் சொன்னபோது அக்கா தன் கையைப் பார்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

பிறகு குவைத். 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி விடியும்போது இராக் படை ஊருக்குள் வந்துவிட்டது. மூன்று வாரம் வார்டிலேயே இருந்து வேலை பார்த்திருக்கிறார். அப்புறம் பஸ்ஸில் பாலைவனம் கடந்து, ஜோர்டானில் கூடாரத்தில் தங்கி, அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானம் ஏறி வந்தார். அந்த மாதங்களில் இந்தியா அப்படிச் சுமார் 1,70,000 பேரை ஏற்றிக்கொண்டு வந்தது. அதில் நம் மாவட்டத்து நர்சுகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு வருஷச் சம்பாத்தியம் குவைத் வங்கியில் மாட்டிக்கொண்டது. கையில் ஒரு தோள்பை. வீட்டுக்கு வந்த மறுநாள் அம்மா வழக்கம்போல அண்டி ஆபீஸுக்குக் கிளம்பியிருக்கிறார். "நீ தூங்குடி" என்று சொல்லிவிட்டு.

அக்கா சொன்னதை மூன்றாம் பக்கத்துக்காக எழுதி முடித்த அன்று இரவு நான் தூங்கவில்லை. எங்கள் வீட்டில் வாங்கிய பருப்புப் பாக்கெட்டுகளையெல்லாம் நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். சேவை என்பதை ரோட்டரி வந்து எங்கள் மாவட்டத்துக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. சாமித்தோப்பில் எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கட்டும் என்று அய்யா வைகுண்டர் முத்திரிக்கிணறு கண்ட மண் இது. நெய்யூரில் 1838-லேயே மருத்துவப் பணி ஆரம்பித்துவிட்டது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் என்ற ஆங்கிலேய மருத்துவர், திரும்பும் வழியில் நெய்யூரைப் பார்க்க வந்தார். நோயாளிகள் வரிசை கட்டி நிற்க, அறுவை செய்ய ஒரே ஒரு டாக்டர் இருந்ததைக் கண்டு, லண்டனில் கிடைக்கவிருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். அவரும் ஒரு வரிசையை நேரில் பார்த்ததால் வந்தவர்தான். பார்ப்பதற்கும் கேட்பதற்கும் பிறகுதான் கொடுப்பது வரவேண்டும் என்று நான் நம்புவதற்கு இப்படிப்பட்ட ஆட்கள் காரணம்.

அக்காவுக்குப் பிறகு ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. சிலது எழுதவும் கூடாது. மூன்றாம் பக்கத்தில் போடாமலே விட்ட கதைகள் ஐந்தாறு இருக்கின்றன.

செல்போன் கடைத் தம்பிக்கு இடது கால் போலியோவில் சூம்பியது. எங்கள் சங்கத்தில் அவர் சேர்ந்ததே சொட்டு மருந்து முகாமுக்காக. 1985-லிருந்து ரோட்டரி உலகம் முழுக்க இந்த ஒரு வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கடைசியாகக் கண்டது 2011 ஜனவரி 13 அன்று, ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு. 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. முகாம் நாளில் தம்பி காலை ஆறரைக்கே பஸ் நிறுத்தத்தில் ஐஸ் பெட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். "எதுக்கு இன்னும் குடுக்கணும், நோய்தான் போயிட்டே" என்று கேட்கிற தாய்மாரிடம் விளக்கம் ஒன்றும் சொல்ல மாட்டார். வேட்டியைக் கொஞ்சம் ஒதுக்கிக் காலை நீட்டிக்கொள்வார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. அவர் கதையில் எனக்கு மறக்காத இடம் வேறு. சின்ன வயதில் அவரை அவருடைய அக்காதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனாராம். அவரைத் தூக்குவதற்காகவே அந்த அக்கா ஒரே வகுப்பில் இரண்டு வருஷம் இருந்தார். "நான் படிச்சதெல்லாம் எனக்க அக்கன் படிக்காததாக்கும்" என்றார்.

பாத்திரக்கடை அண்ணாச்சி 1982-ஐப் பற்றிப் பேசினார். இந்துக்களுக்கும் கடற்கரைக் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மண்டைக்காட்டுக் கலவரம் நடந்த வருஷம். இளையவர்களுக்கு அது ஒரு பெயர் மட்டும்தான். கடற்கரை ஆட்கள் சந்தைக்கு வரப் பயந்ததையும், தன் கடையில் வருஷக்கணக்காகக் கடனுக்கு அண்டா வாங்கும் ஒரு மீனவக் குடும்பம் மூன்று மாதம் காணாமல்போனதையும், பிறகு ஒரு நாள் கடை அடைக்கிற நேரத்தில் அந்த வீட்டுக் கிழவி வந்து பாக்கிப் பணத்தை எண்ணி வைத்ததையும் சொன்னார். "இனிமே வர முடியுமோ என்னமோ, கடன் நிக்கப்படாதுன்னு வந்தேன்னு சொல்லிச்சு. நான் அந்தக் காசை வாங்கினது தப்பு. வாங்கியிருக்கப்படாது." நாற்பது வருஷத்துக்கும் மேல் ஆகிறது. அதைச் சொல்லும்போது எழுபத்தெட்டு வயதுக்காரரின் குரல் உடைந்தது.

அதே ஹாலில், அதற்கு இரண்டு மாதம் கழித்து, தூத்தூர்ப் பக்கத்துத் தம்பி எழுந்து நின்றார். படகு இன்ஜின் மெக்கானிக். சங்கத்தில் இளையவர், முப்பத்திரண்டு வயது. அவர்கள் ஊர் ஆட்கள் ஆழ்கடல் தூண்டில்காரர்கள். சுறா தேடிக் கொச்சியிலிருந்து கிளம்பினால் குஜராத் கடல் வரை போவார்கள்; வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது அவருடைய அண்ணன் கடலில் இருந்தார்.

தம்பி எழுந்து, "எனக்க அண்ணன்" என்றார். அப்புறம் நின்றுகொண்டே இருந்தார்.

ஹெட்மாஸ்டர் சார் வைத்த விதிப்படி யாரும் குறுக்கிடக் கூடாது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கீழே பஸ் ஹாரன் கேட்டது. ஓட்டலில் பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில், "அம்மா இப்பவும் வாசல் லைட்டை அணைக்க விடமாட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தலைவர் மணி அடிக்கவில்லை. ரப்பர்க்கடை அண்ணன் எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தம்பி பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து பாத்திரக்கடை அண்ணாச்சியும் போனார்.

ஒக்கி அடித்த அதே நாள்தான் மலையோரத்தில் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக முறிந்து விழுந்தன, வாழை அத்தனையும் சாய்ந்தது. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ரப்பர் கன்று நட்டால் பால் வெட்டு தொடங்க ஏழு வருஷம் ஆகும். அண்ணனுடைய தோட்டத்தில் பாதி போயிருந்தது. எங்கள் சங்கத்தில் ஒக்கி என்றால் அதுவரை ரப்பர், வாழை, மின்கம்பம் என்றுதான் பேசியிருக்கிறோம். கடற்கரைக்கு அரிசி மூட்டையும் போர்வையும் கொண்டுபோய்க் கொடுத்தோம், உண்மைதான். கொடுத்துவிட்டுத் திரும்பிய அன்றைக்கு ஒரு வீட்டின் திண்ணையில்கூட நாங்கள் உட்காரவில்லை. தம்பி நின்ற அந்த நேரத்தில் எனக்கு அது உறைத்தது. அப்புறம்தான் எங்கள் வக்கீல் சார், உடல் கிடைக்காத வீடுகளுக்கு இன்னும் என்னென்ன காகிதம் முடியாமல் கிடக்கிறது என்று தம்பியிடம் கேட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்களுக்குப் போய் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அதற்குப் பேனர் கிடையாது, செய்தி கிடையாது. சங்கத்தின் வருஷ அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. அந்த வருஷம் நாங்கள் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இந்த வருஷத் தலைவர் இளைஞர், கட்டட என்ஜினியர். நல்ல உழைப்பாளி. பொறுப்பேற்ற இரண்டாவது மாதமே ஒரு பேச்சை எடுத்தார். 2016-லிருந்து ரோட்டரியில் வாரா வாரம் கூட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; மாதத்துக்கு இரண்டு முறை கூடினால் போதும். "வேலை செய்யற நேரத்தை மீட்டிங்ல செலவழிக்கிறோம் அண்ணா. ப்ராஜெக்ட் பண்ணுவோம், அதுக்குத்தானே சங்கம்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறவர்களுக்குப் புதன்கிழமை இரவு பத்து மணிக்கு வீடு திரும்புவது கஷ்டம்தான். ஹால் வாடகை, சாப்பாட்டுச் செலவு எல்லாம் ஏறிவிட்டது. அந்தப் பணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்குக் கழிப்பறைக் கதவு போடலாம் என்று கணக்கும் காட்டினார்.

அப்போது கையில் இருந்த ப்ராஜெக்ட் பள்ளிப் பை. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஓர் அரசுப் பள்ளியில் அறுபது பிள்ளைகளுக்குப் பை கொடுப்பது. மேடை, மைக், சிறப்பு விருந்தினர். பத்துக்கு ஆறு அடி ஃபிளெக்ஸ் பேனர் அடிக்க வேண்டியது நான். டிசைன் தயார். மேலே எங்கள் சின்னம், இரண்டு பக்கமும் பொறுப்பாளர்கள் படம், நடுவில் பெரிய எழுத்தில்: ஏழை மாணவ மாணவியருக்கு இலவசப் பை வழங்கும் விழா.

அதற்கு முந்தின புதன்கிழமை ரப்பர்க்கடை அண்ணனின் முறை.

குலசேகரம் போகிற வழியில் அவருக்கு ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை. சைக்கிளிலும் ஆட்டோவிலும் வரும் ஷீட்டை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். உள்ளே குமிழ் இருக்கிறதா, அழுக்கு இருக்கிறதா, சரியாகப் புகை பட்டிருக்கிறதா என்று பார்த்துத் தரம் சொல்வார். எடையில் ஏமாற்ற மாட்டார் என்று மலையோரம் முழுக்கப் பெயர். அதிகம் பேசாதவர். நாலு வருஷமாக அவர் முறை வரும்போதெல்லாம் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தவர்.

"எனக்க அப்பா பனையேறி" என்றார்.

காலையிலும் சாயங்காலமும் பனை ஏறிப் பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் அக்கானியைச் சுமந்து வருவார் அப்பா. அம்மா அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குவார். அண்ணனுக்குப் பதினொன்று வயது நடக்கும்போது, மழை பெய்து விட்ட ஒரு விடியற்காலையில் அப்பா மேலேயிருந்து விழுந்தார். குழித்துறை வரை கட்டிலில் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது.

அடுத்த வருஷம் பள்ளிக்கு யாரோ பெரிய மனிதர்கள் வந்தார்கள். யார், எந்த அமைப்பு என்று அவருக்கு இப்போதும் தெரியாது. தகப்பன் இல்லாத பிள்ளைகளெல்லாம் முன்னால் வாருங்கள் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். மூன்று பேர் போனார்கள். ஆளுக்கொரு சட்டை, நான்கு நோட்டு. சட்டையைக் கையில் கொடுக்காமல் நெஞ்சில் விரித்துப் பிடித்தபடி நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். ஃபோட்டோ எடுப்பது அரிதான காலம். அந்தப் படத்தை ஃபிரேம் போட்டு ஆபீஸ் வராந்தாவில் மாட்டிவிட்டார்கள். வகுப்புக்குப் போக அந்த வராந்தாவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"மூணு வருஷம் நான் பின்பக்கம் சுத்தித்தான் கிளாசுக்குப் போனேன். மழைன்னா சேறாகும், அப்பவும் அப்படித்தான். ஒன்பதாங்கிளாஸ்ல நின்னுட்டேன். பால் வெட்டப் போயிட்டேன். அந்தப் படத்தாலதான் நின்னேன்னு சொல்ல மாட்டேன். வீட்டுல கஞ்சிக்கு வழியில்ல, அதுதான் காரணம். ஆனா பள்ளிக்கூடம் விட்டதுல எனக்கு ஒரு நிம்மதியும் இருந்துச்சு. அது உண்மை."

கொஞ்சம் நிறுத்தினார்.

"சட்டை நல்ல சட்டை. ரெண்டு வருஷம் போட்டேன். குடுத்தவங்க மேல எனக்கு வருத்தமே கிடையாது. சட்டை எனக்கு வேணும். அந்த மேடைதான் வேண்டாம்."

பிறகு, ரொம்ப மெதுவாக: "எனக்க சின்ன வயசுப் படம்னு உலகத்துல இருக்கது அது ஒண்ணுதான். அப்பாவுக்கு அதுவும் இல்ல."

பதினைந்து நிமிடம் ஆகவில்லை. ஏழெட்டு நிமிடம்தான் இருக்கும். தலைவர் கழுத்தில் காலரோடு குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அந்த நாளைப் பார்த்துத்தான் தன் முறையை வைத்துக்கொண்டாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

சாப்பிடும்போது ஆப்பத்தையும் கடலைக்கறியையும் வைத்துக்கொண்டு யாரும் பெரிதாகப் பேசவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தலைவர் அச்சகத்துக்கு வந்தார். "அண்ணா, ஃபிளெக்ஸ் வேண்டாம்" என்றார். உட்கார்ந்து சாயா குடித்தார். அறிக்கைக்குப் படம் அனுப்ப வேண்டுமே என்ற கவலை அவருக்கு இருந்தது. அது பொய்க் கவலை இல்லை. படம் இல்லாவிட்டால் செய்தோம் என்று யார் நம்புவார்கள், நன்கொடை கொடுத்தவர்களுக்கு என்ன காட்டுவது? கடைசியில் பெஞ்சின் மேல் அடுக்கிய பைகளைப் படம் எடுப்பது என்று முடிவானது. அறுபது பேருக்கு மட்டும் கொடுத்தால் யார் அந்த அறுபது பேர் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும் என்று சிஸ்டர் அக்கா சொன்னார். அந்த வகுப்புகளில் மொத்தம் 84 பிள்ளைகள். மிச்சம் இருபத்து நான்கு பைக்கு எங்களுக்குள் பிரித்துக்கொண்டோம். பள்ளி திறந்த அன்று பிள்ளைகள் வரும்போது ஒவ்வொரு இடத்திலும் ஒரு பை இருந்தது, அவ்வளவுதான். நாங்கள் யாரும் போகவில்லை. போய்ப் பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

வாரம்தோறும் கூடுவதா, மாதம் இரண்டா என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. ஜூலை 1 அன்று அடுத்த தலைவர் வருவார், அவரும் எடுப்பார். என் கருத்தை நான் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன். முறையை நாலு வருஷம் தள்ளிப்போட்ட ஒருவர் கடைசியில் எழுந்து நிற்க வேண்டுமென்றால், அதுவரை மற்றவர்கள் அவர் எதிரே வாரா வாரம் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த உட்காருதலைப் பாதியாகக் குறைத்துவிட்டு, கதை மட்டும் வரட்டும் என்றால் வராது. கழிப்பறைக் கதவுக்குப் பணம் வேண்டுமா, சாப்பாட்டை நிறுத்துவோம். சாயா மட்டும் போதும். புதன்கிழமையை நிறுத்த வேண்டாம்.

என் முறை போன வருஷமே முடிந்தது. என் அப்பா நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்தைக் கேஸிலிருந்து பொறுக்கி ஸ்டிக்கில் கோத்து, தலைகீழாக, இடவலம் மாறி நிற்கும் வரிகளை நாம் பேப்பர் படிக்கிற வேகத்தில் படிப்பார். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது ணை, லை, னை எல்லாம் வடிவம் மாறியதில், கை பழகிய கேஸை மறுபடி முதலிலிருந்து பழகினார். ஆஃப்செட் வந்த பிறகு அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போனது. முப்பது வருஷத்தில் ஆயிரக்கணக்கான பெயர்களைக் கோத்தவர். மணமகன், மணமகள், வேட்பாளர், இறந்தவர். அவருடைய பெயர் அவர் கோத்த எதிலும் வந்ததில்லை. புத்தகத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும், கம்பாசிட்டர் பெயர் இருக்காது. இதை நான் சொன்ன அன்று ரப்பர்க்கடை அண்ணன் எனக்கு நேர் எதிரே இருந்தார்.

அண்ணன் பேசிய மூன்றாம் நாள் புரூஃப் எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். யாருடைய கதையானாலும் அவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அச்சுக்குப் போகும். வெட்டச் சொன்னதை வெட்டிவிடுவேன். நிறைய வெட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அந்த வராந்தாப் படம், பின்பக்கச் சேறு, ஒன்பதாம் வகுப்பு, எதையும் அவர் தொடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். கடையில் ஆசிட் வாடையும் புகை வாடையும். ஷீட்டோடு வந்த ஆள் ஒருவர் வெளியே காத்திருந்தார்.

"அப்பான்னுதானே போட்டிருக்கிய. பேரு போடலாமா?"

போடலாம் என்றேன். பெயரைச் சொன்னார். எழுத்துக்கூட்டிச் சொன்னார். முதலெழுத்தும் வேண்டும் என்றார். அங்கேயே பேனாவால் எழுதிச் சேர்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை புதுப் புரூஃபைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் வந்தார். அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்து, ஷீட்டைப் பார்ப்பதுபோலவே, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். ரொம்ப நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரி தம்பி, அடிச்சிரு" என்றார். "எனக்கு ஒரு இருபது காப்பி சேர்த்து அடி."